கேஷ், காசு, காஷ்மீர்க் கம்பளி

ஜூன் 4 (வாசகர் கேள்வி)

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. முதல் வரியே 'கேஷ்' என்பது நம் 'காசு' என்றுதான். உண்மையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில் இதே சொல்லை முதல் சொல்லாக வைத்தேன், 18 புள்ளி கிடைத்தது. அடுத்த முறையே அக்கா அதோடு நாலு எழுத்து சேர்த்து 54 எடுத்துவிட்டாள். நான் எங்கே கோட்டைவிட்டேன்?

ஜூன் 4, இரவு

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். அதை முதலில் முடித்துவிடலாம்.

அக்கா வைத்தது கேஷ்மியராகத்தான் இருக்கும். காஷ்மீர் ஆட்டு ரோமத்தில் நெய்யும் துணி. தம்பி, நீங்கள் நடு நட்சத்திரத்தில் சி எழுத்தை வைத்து, வலப்பக்கமாக ஏ, எஸ், எச் என்று போயிருப்பீர்கள். எச்சுக்கு அடுத்த கட்டம் டபுள் லெட்டர், அதில் விழும் எழுத்துக்கு இரட்டை மதிப்பு. அதையும் சேர்த்து எண்ணினால் நாலாவது கட்டம் பலகையின் ஓரம், அது ட்ரிபிள் வேர்ட். எம், ஈ, ஆர், ஈ நாலும் அந்த நாலு கட்டத்தில் கச்சிதமாக உட்காரும். உங்கள் நாலு எழுத்தின் மதிப்பு 9 (நடு நட்சத்திரம் இரட்டித்ததால்தான் உங்களுக்கு 18), அந்த 9 அப்படியே அக்கா கணக்கிலும் வரும். எம்முக்கு 3, அது இரட்டித்து 6. மற்ற மூன்று எழுத்துக்கு 3. ஆக 18, அதை மும்மடங்காக்கினால் 54.

குறை சொல்லில் இல்லை, வைத்த இடத்தில். இதே சொல்லை எச் எழுத்து நட்சத்திரத்தில் முடிகிற மாதிரி வைத்தாலும் 18தான் வரும். ஆனால் வலது ஓரத்தைத் தொட எதிராளிக்கு ஏழு எழுத்து வேண்டும். முன்னால் ஒட்ட நினைத்தால் ஈ, என் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து 'என்கேஷ்' வைக்கலாம், அதற்கு 12தான் கிடைக்கும். காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியலை வைத்து ஆடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் வைத்த அதே இடத்தில் 'கேஷ்பேக்' என்று நீட்டினால் 72.

முதல் கேள்விக்கு நாளை உட்கார்ந்து எழுதுகிறேன். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அவசரமாக எழுத மனமில்லை.

ஜூன் 5

பட்டியல் பாதி சரி. அந்தப் பாதியை முழுசாக்கிச் சொல்வதுதான் பிரச்சினை.

ஆங்கில அகராதியைத் திறந்தால் கேஷ் என்ற தலைப்பில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கும். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு.

முதலாவது நாம் தினமும் சொல்வது, ரொக்கம். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியிலும் பிரெஞ்சிலும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வந்த புதிதில் பணப்பெட்டியையும் குறித்தது, உள்ளே இருக்கும் பணத்தையும் குறித்தது. போகப் போகப் பெட்டி உதிர்ந்துவிட்டது, பணம் மட்டும் நின்றது. நம் ஊர்க் கடையில் "கல்லா எப்படி?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் மரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அன்றைய வசூலைச் சொல்கிறார்கள். அதே போக்குதான்.

இரண்டாவது கேஷ், சிறு நாணயத்தின் பெயர். இதுதான் நம் காசு. சோழமண்டலக் கரையிலும் மலபாரிலும் வியாபாரம் செய்த போர்த்துகீசியர் இதைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் 'கைஷா' என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது, பெட்டி என்று பொருள், அதே லத்தீன் வழி வந்தது. காதில் விழுந்த காசு, வாய்க்குப் பழகிய கைஷாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தார்கள். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு சொற்களும் லண்டனை அடைந்து, ஒரே உருவத்தில் நின்றுவிட்டன.

ஆகவே 'கேஷா, கார்டா?' என்று கடையில் கேட்கும்போது வருவது பெட்டி. பழைய நாணயம் சேகரிப்பவர் கேட்லாக்கில் படிக்கும் கேஷ்தான் நம்முடையது. எனக்கு இந்த இரண்டாவது கதை முதலாவதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதைச் சொல்லாமல் 'ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது' என்று ஒரே வரியில் அடித்துவிடுவது நம் காசுக்கே செய்யும் அநியாயம்.

ஜூன் 5, இரவு

"காசாளர், காசோலை என்றெல்லாம் இருக்கும்போது வேர் வேறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவை பின்னால் நாம் ஆக்கிக்கொண்டவை. கேஷியர் என்ற ஒலிக்குப் பக்கத்திலேயே காசு இருந்தது. பொருளும் பொருந்தியது, ஒலியும் பொருந்தியது, இதைவிட நல்ல ஆக்கம் அமையாது. நான் வங்கியில் கேஷ் கவுன்டரில் இருந்தபோது கண்ணாடியில் மூன்று மொழியில் பலகை இருக்கும்: காசாளர், கேஷியர், ரோக்கடியா. அந்த இந்திச் சொல் நம் ரொக்கத்துக்கு உறவு. நடுவில் இருப்பது லத்தீன் பெட்டி. மேலே இருப்பது மட்டும் காசு. தினமும் அதன் பின்னால் உட்கார்ந்து கட்டு எண்ணுகிறவனுக்கு மூன்றும் ஒரே வேலைதான், ஆனால் மூன்றும் மூன்று பாதையில் வந்தவை.

போக்குவரத்து ஒருவழியாகவும் இல்லை. காசு அங்கே போன காலத்தில் டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்பு நாணயம் இங்கே வந்து 'துட்டு' ஆனது.

ஜூன் 7

"காசு என்பதே போர்த்துகீசியர் தந்ததாக இருக்கலாமே" என்று இன்னொருவர். அதற்கு வாய்ப்பே இல்லை.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடியிருக்கிறார். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். நடுவில் எண்ணூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

அந்தப் பாட்டை ஒரு கேஷியராகப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். பஞ்ச காலம். அடியார்களுக்குச் சோறு போட இறைவன் தினம் ஒரு பொற்காசு தருகிறார். அப்பருக்குக் கிடைத்தது நல்ல காசு, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார். சம்பந்தருக்குக் கிடைத்த காசில் மாற்றுக் குறைவு, அதனால் கடைக்காரர் வட்டம் பிடிக்கிறார். அந்தக் கழிவுக்குத்தான் வாசி என்று பேர். வாசி இல்லாத காசாகக் கொடு என்று சாமியிடமே கேட்கிறார். கிழிந்த நோட்டை நீட்டிவிட்டு, மாற்றுவதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கவலையோடு கவுன்டரில் நின்றவர்களின் முகம் எனக்கு இந்த வரியில் தெரியும்.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளிலும் காசு கொட்டிக் கிடக்கிறது. கோவில் பணத்தை ஊர்ச்சபைக்குக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டரை சதவீதம்.

பிறகு கம்பெனிக்காரன் காலம். மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்து சோஹோ ஆலையில் மேத்யூ போல்டனின் நீராவி எந்திரங்கள் இந்தக் காசுகளை அடித்துக் கப்பலில் அனுப்பின. 1808ஆம் ஆண்டுக் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபது காசு மதிப்புள்ளது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், அதில் இரண்டு சிங்கம். மறுபக்கம் மேலே பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் இருபது, அதோடு கேஷ் என்று ஆங்கிலத்தில். பாரசீக வரியை ஒரு நண்பர் படித்துக் காட்டினார்: இருபது காஸ், நாலு ஃபுலூஸ் (அதுவும் செப்புக் காசின் பெயர்தான்). ஒரே பக்கத்தில் ஆங்கிலம் கேஷ் என்கிறது, பாரசீகம் காஸ் என்கிறது. இரண்டும் ஒரு தமிழ்க் கடைத்தெருச் சொல்லைத் தங்கள் தங்கள் காதால் எழுதிவைத்தது.

இந்தக் காசுகள் இன்று சேகரிப்பவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மதராஸுக்கு வரவேண்டிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. டன் கணக்கில் காசு கடலடிக்குப் போனது. 1980களில் முக்குளிப்போர் அதை மேலே கொண்டுவந்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் உப்புக்கும் புளிக்கும் கைமாற வேண்டியவை, மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கின்றன.

இன்னும் ஒன்று. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் கேஷ்தான். சீனர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. இந்தியக் கரையில் கற்ற பெயரை ஐரோப்பிய வியாபாரிகள் கிழக்கே எடுத்துப்போய் அந்த நாணயத்துக்கும் சூட்டினார்கள். வாட்ஸப் பட்டியலில் வர வேண்டியது இது.

ஜூன் 8

ஆட்டத்தைப் பற்றி விட்டுப்போன ஒரு விஷயம். சி, ஏ, எஸ், எச் நாலும் கையில் இருந்தால் கேஷ் என்று உடனே இறக்காதீர்கள். நாலு எழுத்துச் சொல் நட்சத்திரத்தில் எப்படி வைத்தாலும் டபுள் லெட்டரைத் தொடாது. ஐந்து எழுத்து தொடும்.

கையில் உள்ள ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். ஆர் இருந்தால் க்ராஷ், எல் இருந்தால் க்ளாஷ். கடைசி எச் டபுள் லெட்டரில் விழும்படி வைத்தால் 28. எம் இருந்தால் கேஸம், பிளவு என்ற பொருளில், 30. கே இருந்தால் ஷேக், குடிசை என்ற பொருளில், கே எழுத்தே இரட்டிப்பதால் 38. ஒரு எழுத்துக்காக 18க்கும் 38க்கும் இருக்கும் தூரம் இது.

எஸ் எழுத்து பையில் நாலுதான். அதை 18 புள்ளிக்காக முதல் முறையே செலவழிக்க எனக்கு மனசு வராது.

ஜூன் 11

ஸ்க்ராபிளில் கேஷியர் என்ற சொல் எவ்வளவு தரும் என்று கேட்டிருந்தீர்கள். ஏழு எழுத்து, எழுத்து மதிப்பு 12. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 கூடுதல். முதல் சொல்லாக, சி டபுள் லெட்டரில் விழும்படி வைத்தால் மொத்தம் 80. அதே ஏழு எழுத்தை மாற்றிப் போட்டால் 'கஹியேஸ்' வரும். கஹியே என்பது நோட்டுப் புத்தகம், பிரெஞ்சுச் சொல். காசாளரையும் அவர் பேரேட்டையும் ஒரே ஏழு எழுத்து தருகிறது என்று நினைத்தால் இரண்டும் மறக்காது.

இதில் ஒரு கிளைக்கதை. கேஷியர் என்பது வினைச்சொல்லாகவும் இருக்கிறது: இராணுவ அதிகாரியை அவமானத்தோடு பதவியிலிருந்து விலக்குவது. இதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை, காசுக்கும் சம்பந்தமில்லை. டச்சு வழியாக வந்தது, அதற்குப் பின்னால் பிரெஞ்சில் 'காஸே', உடைப்பது, ரத்து செய்வது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தில், தண்டனைகளை வரிசைப்படுத்தும் 71ஆம் பிரிவில் இந்தச் சொல் இன்றும் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு முன்னாள் இராணுவத்தார் எனக்கு இதைச் சொன்னார். அவர் எங்கள் கிளையில் காவலராக இருந்தார். "நீங்க கேஷியர் ஆறதுக்கு ஆசைப்படுறீங்க, எங்க ஆளுங்க அதுக்குத்தான் பயப்படுவாங்க" என்றார். அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது.

ஆக, காஷ்மீர்த் துணியை விட்டுவிட்டால், சி-ஏ-எஸ்-எச் என்ற நாலு எழுத்துக்குள் இதுவரை மூன்று குடும்பம்: பெட்டி, காசு, உடைப்பது.

ஜூன் 12

"ஆட்டத்தில் பொருள் எதற்கு? பட்டியலில் இருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் கூடாது, அவ்வளவுதானே?" என்று ஒரு வாசகர்.

விதிப்படி அவ்வளவுதான். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பொருள் தெரிவது வெற்றிக்குத் தேவை என்று அதற்குப் பிறகு யாரும் வாதாட முடியாது. ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் வேலை இழந்த கட்டடக் கலைஞர். அவர் புள்ளி போட்டது செய்தித்தாள் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து. சிக்கு 3, எச்சுக்கு 4 என்பதில் பொருளுக்குப் பங்கே இல்லை.

ஆனாலும் ரிச்சர்ட்ஸ் போன்ற நினைவாற்றல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எனக்கு ஒரு சொல் நிற்க வேண்டுமானால் அதற்கு ஓர் ஊர் வேண்டும், ஒரு முகம் வேண்டும். வெறும் பட்டியலாகப் படித்த இரண்டெழுத்துச் சொற்கள் எனக்கு அடிக்கடி நழுவும். கதையோடு வந்த சொல் எதுவும் நழுவியதில்லை. என் மனைவி எதிர்க் கட்சி. அவள் பட்டியலாகவே படிப்பாள், வேகமாக வைப்பாள், எங்கள் வீட்டில் அதிகம் ஜெயிப்பதும் அவள்தான். அதனால் இதைப் பயிற்சி முறையாக யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு ஆட்டம் இனிப்பது இதனால்தான்.

ஜூன் 15

முந்திரியை மறந்துவிட்டீர்களே என்று பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். நியாயம். கேஷோடு ஈ, டபிள்யூ சேர்த்தால் கேஷ்யூ. முதல் சொல்லாக, டபிள்யூ டபுள் லெட்டரில் விழ வைத்தால் 36.

இது நாலாவது குடும்பம். பிரேசிலின் துபி மொழிப் பெயர் போர்த்துகீசியத்தில் 'கஜு' ஆனது, அதிலிருந்து ஆங்கிலம். மரத்தை 16ஆம் நூற்றாண்டில் அவர்களே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்திக்காரர்கள் அந்தப் பேரை 'காஜூ' என்று வைத்துக்கொண்டார்கள், நாம் முந்திரி என்றோம்.

எல்லோரும் கண்டுகொள்ளாத ஒன்று உண்டு: கேஷோடு இரண்டு ஓ. 'கஷூ' என்று படிக்க வேண்டும். ஆறு எழுத்து, மதிப்பு 11. ஓ, ஓ என்று கையில் இரண்டு நின்று கழுத்தை அறுக்கும்போது கைகொடுக்கும். என்ன பொருள் என்று பார்த்தால் நம் காசுக்கட்டி! வெற்றிலையோடு போடுவது, கருங்காலி வகை மரத்தின் கட்டையைக் காய்ச்சி இறுக்கி எடுப்பது. எங்கள் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு தனி அறையில் இருக்கும். கறுப்பும் காவியுமான சில்லுகள், நகத்தால் கீறினால் பொடி உதிரும், நாக்கில் வைத்தால் வாய் முழுவதும் துவர்த்து இழுக்கும். மலாய் மொழியின் 'காச்சு' வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல். அதற்கும் பின்னால் ஒரு திராவிட மொழிச் சொல் இருக்கக்கூடும் என்று அகராதிகள் சொல்கின்றன. இங்கே உள்ள காசுக்கும் பணத்துக்கும் ஒட்டுறவு இல்லை.

ஜூன் 15, சிறு சேர்க்கை

அதே அப்பத்தாவிடம் புதுக்கோட்டை அம்மன் காசும் இருந்தது. சமஸ்தானம் அடித்த செப்புக் காசு, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஓர் அணாவுக்கு 20. நவராத்திரியில் அரிசியோடு கொடுப்பார்கள். படம் கேட்டவர்களுக்கு: அது இப்போது என் தங்கையிடம் இருக்கிறது, எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19

"கேஷுக்கு 9 புள்ளி. காசுக்கு எத்தனை?" என்று ஒரு கல்லூரி மாணவர். ஸ்க்ராபிளில் காசு இல்லை. ஆனால் தமிழின் சொல் விளையாட்டில் காசுக்கு இருக்கும் இடம் எந்தப் பலகையிலும் கிடைக்காது.

வெண்பாவின் கடைசிச் சீர் நாலே வாய்பாட்டில்தான் முடியலாம்: நாள், மலர், காசு, பிறப்பு. இதற்கு வெளியே முடிந்தால் அது வெண்பா இல்லை. 1330 குறளும் இந்த நாலில் ஒன்றில்தான் நிற்கின்றன. 'அகர முதல' குறள் 'உலகு' என்று முடிகிறது, பிறப்பு. 'இனிய உளவாக' குறள் 'தற்று' என்று முடிகிறது, காசு. 'தற்' என்று அழுத்தி நின்று, 'று' என்று மெல்ல விடுகிறது பாருங்கள். கா-சு என்பதும் அதே ஓசைதான். பள்ளிக்கூடத்தில் அலகிட்டு வாய்பாடு எழுதச் சொன்னபோது மதிப்பெண்ணுக்காக எழுதினோம். இப்போது குறளைச் சத்தமாகப் படித்துக் கடைசிச் சீரில் நின்று பாருங்கள். எந்தக் குறள் எந்த வாய்பாட்டில் விழுகிறது என்று காது தானாகச் சொல்ல ஆரம்பிக்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கும் பதில்: ஆமாம், உங்கள் பேச்சில் பணம் முழுவதுமே காசுதான். இங்கே காசு என்றால் சில்லறை என்ற நிழல் கொஞ்சம் விழுந்துவிட்டது. பழைய பொருளின் கனம் உங்களிடம்தான் இருக்கிறது.

ஜூன் 21

தமிழ் வேர் உள்ள எந்தச் சொல் ஸ்க்ராபிளில் அதிகம் தரும் என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவற்றில் நான் கைகாட்டுவது வெட்டிவேரை. ஆங்கிலத்தில் 'வெட்டிவெர்', பிரெஞ்சு வழியாகப் போனது. எழுத்து மதிப்பு மட்டும் பார்த்தால், பறையரிலிருந்து போன பரியா 11, சுருட்டிலிருந்து போன ஷெரூட் 12, வெட்டிவெர் 13. ஏழு எழுத்து என்பதால் முதல் சொல்லாக, ஒரு வி டபுள் லெட்டரில் விழ வைத்தால் 84. கேஷியரைவிட நாலு கூடுதல். பையில் வி இரண்டே இரண்டுதான், இரண்டும் இதற்கே போய்விடும். வைத்த பிறகு எதிராளி பின்னால் எஸ்ஸும் ஒட்டலாம், டியும் (T) ஒட்டலாம். டி சேர்ந்த வடிவமும் பட்டியலில் செல்லும், அதைச் செல்லாது என்று சவால் விட்டுப் புள்ளியை இழக்காதீர்கள்.